வந்தோரும் சென்றோரும்

கல்லூரிச் சஞ்சிகை ஒன்று வீட்டுக்கு வந்தால் அதனை எவரெவர் எவ்வாறு புரட்டுவர் என்பதை நம் வாசகர்கள் நன்கு அறிவர். மாணவன் தன் கட்டுரை அச்சேறிய பக்கத்தை முதலில் விரிப்பான். தாயார், உதைபந்தாட்டக் குழுவின் படத்திலே தம் மகன் எந்த வரிசையில் நிற்கின்றான் என்று தேடுவார். தந்தையார் பரீட்சைப் பெறுபேறுகளைப் பார்த்து, தம் காலத்துப் பெறுபேறுகளோடு ஒப்பிட்டு, ஒரு பெருமூச்சு விடுவார். இவற்றுக்கெல்லாம் பின்னே, விளம்பரங்களுக்குச் சற்று முன்னே, சிறிய எழுத்தில் ஒரு பக்கம் இருக்கும். ‘ஆசிரியர் குறிப்புகள்’ என்றோ ‘எமது ஆசிரியர் குழாம்’ என்றோ அதற்குத் தலைப்பு. இன்னார் இளைப்பாறினார், இன்னார் மாற்றலாகிச் சென்றார், இன்னார் புதிதாக வந்து சேர்ந்தார், இன்னார் இல்லறம் புகுந்தார், மாடிக் கட்டடத்தின் வேலை நிறைவெய்தியது, விடுதிக் கிணற்றுக்குப் பம்பி பூட்டப்பட்டது. அவ்வளவே. அப்பக்கத்தை வாசிப்போர், அதிலே தம் பெயர் வந்திருக்கும் ஆசிரியர்கள் மட்டுமே என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இடமாற்றப் பட்டியல்கள் வெளியாகி, ஆசிரியர் ஓய்வறைகளிலே பிரியாவிடை உபசாரங்கள் நடக்கும்போதெல்லாம் எமக்கு அப்பக்கத்தின் நினைவே வருகின்றது. கட்டடங்களாலும் பரீட்சைப் பெறுபேறுகளாலும் கல்வியை அளக்கப் பழகிவிட்ட நமக்கு, ஒரு கல்லூரியின் மெய்யான சரித்திரம் அந்தச் சிறிய எழுத்துப் பக்கத்திலே உள்ளது என்பது எளிதிற் புலப்படுவதில்லை. யார் வந்தார், எத்தனை காலம் நின்றார், ஏன் சென்றார் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தெரிந்தால், அக்கல்லூரி எதனால் உயர்ந்தது, எதனால் தளர்ந்தது என்பதற்கும் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். இவ்வாரம் நாம் அதனையே ஆராயப் புகுந்தோம்.

ஒரு வரியில் ஒரு யுகம்

ஆசிரியர் ஒருவர் பதவி விலகினார் என்பது மிகச் சிறிய செய்தி. ஆனால், நம் நாட்டுத் தமிழ்க் கல்வியின் வரலாற்றைத் திருப்பிய நிகழ்ச்சிகள் சில அத்தகைய சிறிய செய்திகளாகவே தோன்றின.

1848ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆசிரியராயிருந்த ஓர் இளைஞர் தம் பதவியைத் துறந்தார். அப்பாடசாலையே பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாக வளர்ந்தது. அங்கே தலைமை வகித்த பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவ்விளைஞர் துணைநின்றவர். சம்பளமும் மதிப்பும் உள்ள பதவி அது. அக்காலத்திலே ஆசிரியர் குறிப்பு எழுதும் வழக்கம் அங்கு இருந்திருப்பின், இவ்விலகலுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைத்திருக்க நியாயமில்லை. அதே ஆண்டில் அவர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். அவரே ஆறுமுக நாவலர். ஓர் ஆசிரியர் ஒரு வாயிலால் வெளியேறியதன் பயனாகச் சைவப் பிள்ளைகளுக்கு வேறொரு வாயில் திறந்தது. அவர் இயற்றிய பாலபாடங்கள் எத்தனை தலைமுறைப் பிள்ளைகளின் கைகளில் இருந்தன என்பதை நம் வீட்டு முதியோர் சொல்வர்.

1922ஆம் ஆண்டிலும் அவ்வாறே ஒரு செய்தி. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் மயில்வாகனனார் பதவியை விட்டுச் சென்னை சென்றார். காரைதீவிலே பிறந்து, இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் பெற்றவர். அதிபராகி ஆண்டுகள் இரண்டே. நல்ல அதிபரை இழந்தோமே என்று மானிப்பாயிற் பலர் வருந்தியிருப்பர். அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால், சென்றவர் சுவாமி விபுலாநந்தராக மீண்டார். 1929ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1931இல் அண்ணாமலைச் சர்வகலாசாலையிலும், 1943இல் இலங்கைச் சர்வகலாசாலையிலும் முதற் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1947இல் யாழ் நூலை உலகுக்கு அளித்து, அவ்வாண்டிலேயே மறைந்தார்.

இன்னொருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்று, கோப்பாயில் ஆசிரியராயிருந்தவர். அவரும் கடல் கடந்து சென்னைக்குச் சென்றார். 1857இல் நிறுவப்பெற்ற சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாக விளங்கிய இருவருள் அவர் ஒருவர். மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவரும் வட்டுக்கோட்டை மாணவர். தாமோதரம்பிள்ளை பின்னர் 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஏடுகளிலே செல்லரித்துக்கொண்டிருந்த நூல்கள் அழியாது நம் கைக்கு எட்டின.

ஆகவே, ‘சென்றார்’ என்னும் சொல் எப்பொழுதும் நட்டத்தைக் குறிப்பதன்று. எங்கே சென்றார், எதற்காகச் சென்றார், சென்று என்ன செய்தார் என்பவற்றையும் சேர்த்து எழுதினாலன்றி அச்சொல்லின் பொருள் நமக்கு விளங்காது.

ஒரே வாயிலில் ஓர் ஆயுள்

சென்றோர் இவ்வாறாக, நின்றோரின் பெருமை வேறு வகையானது. உடுவில் மகளிர் பாடசாலை 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரால் ஆரம்பிக்கப்பட்டது. அங்கே 1840இல் வந்து சேர்ந்த எலைசா அக்னியூ அம்மையார், ஏறக்குறைய 40 ஆண்டுகள் அதன் தலைமைப் பொறுப்பைச் சுமந்தார். ஒரு முறையேனும் தாயகமாகிய அமெரிக்காவுக்குத் திரும்பாமல், 1883இல் இம்மண்ணிலேயே கண் மூடினார். தாம் கற்பித்த பெண்களின் பெண்களையும், அவர்தம் பெண்களையும் கற்பிக்கும் பேறு அவருக்கு வாய்த்தது.

பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியை நோக்குவோம். 1915 முதல் 1943 வரை சி. பி. தாமோதரம் அவர்கள் அதிபர். 1943 முதல் 1967 வரை க. பூரணம்பிள்ளை அவர்கள் அதிபர். இரண்டே அதிபர்கள், 52 ஆண்டுகள்! வடமராட்சியின் கணிதமும் விஞ்ஞானமும் பெற்ற புகழுக்குக் காரணம் கேட்போர் இந்த எண்ணை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையிலே பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் 30 ஆண்டளவு கற்பித்தார். அவரிடம் பயின்று வெளியேறிய ஆசிரியர்கள் ஊரூராகச் சென்று கற்பித்தமையால், பண்டிதமணியின் முகத்தைக் காணாத பிள்ளையும் அவர்தம் மாணாக்கனின் மாணாக்கனாக இருந்தான். கொக்குவில் இந்துக் கல்லூரி, கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த ஹன்டி பேரின்பநாயகம் அவர்களை 1949இல் அதிபராக வரவேற்றது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசை உருவாக்கியோருள் முதல்வரான அவர் 1960 வரை அக்கல்லூரியை நடத்தினார். சைவ மக்களின் கல்லூரி அவரை ஏற்றது என்பதும், அவர் அக்கல்லூரியைத் தம்முடையதாகக் கொண்டார் என்பதும், ஒருங்கே எண்ணிப் பார்க்கத் தக்கவை.

நீண்ட காலம் நிற்கும் ஆசிரியரால் வரும் பயன் யாது? தந்தைக்குக் கற்பித்தவர் மகனுக்குக் கற்பிக்கின்றார். ஆகவே மகனின் குறும்பு அவருக்குப் புதிதன்று. எந்தப் பிள்ளை காலையிற் பசியோடு வருகின்றான், எந்த வீட்டிலே விளக்குக்கு எண்ணெய் இல்லை, எவன் மாலையில் தோட்டத்துக்கு நீர் இறைத்துவிட்டுப் படிக்கின்றான் என்பவை அவருக்குத் தெரியும். தாம் நட்ட வேம்பின் நிழலில் வகுப்பு நடத்தும் வரையில் அவர் அங்கே இருக்கின்றார். அவ்வாறான காலத்து ஆசிரியர் குறிப்புகளை வாசித்தால், அவை ஒரு குடும்பத்துக் கடிதம் போலவே இருக்கும். விவாகம், மகப்பேறு, பட்டப் பரீட்சைச் சித்தி, சீமைப் பயணம், சுகவீனம், மரணம் யாவும் அங்கே பதிவாகும்.

எழுதாது விட்டவை

ஆயினும், அப்பழைய பக்கங்களை நாம் கண்ணை மூடிக்கொண்டு போற்றுவது தகாது. அவை சொன்னவற்றைப் போலவே சொல்லாதவையும் பல.

தனியார் முகாமையின் கீழிருந்த காலத்தில், முகாமையாளரின் விருப்பு வெறுப்புக்கு ஆளாகி வேலை இழந்த ஆசிரியர் உண்டு. அவர் பெயருக்கு நேரே ‘விலகினார்’ என்று மட்டுமே அச்சில் வரும். மதத்தின் காரணமாக, சாதியின் காரணமாக, உறவின்மையின் காரணமாக நியமனம் மறுக்கப்பட்டவரின் பெயரோ அங்கே வருதற்கே வழியில்லை. அவர் வந்தவரும் அல்லர், சென்றவரும் அல்லர். 1930ஆம் ஆண்டையொட்டிச் சம ஆசனம் வேண்டிக் கிளர்ச்சி எழுந்ததும், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளை வாங்கில் இருத்தியமைக்காகச் சில இடங்களிற் பாடசாலைகளே தாக்கப்பட்டதும் சரித்திரம். இவ்வளவும் நடந்த நாட்டிலே சஞ்சிகைப் பக்கங்கள் அமைதியாகப் பரிசளிப்பு விழாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன.

இன்னொரு குறையும் உண்டு. ஆசிரியர் பெயர்கள் பட்டங்களோடு நிரல்பட வரும். மணி அடித்தவர், ஆய்வுகூடத்திற் குடுவைகளைக் கழுவி வைத்தவர், விடுதியிலே நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்தவர், இரவிற் காவல் நின்றவர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும் தகப்பன் பெயரின் முதலெழுத்து இன்றி, வயது இன்றி, ஊர் இன்றி வரும். கல்லூரி என்பது கற்பிப்போரால் மட்டும் நடப்பதன்று என்பதைக் கல்லூரிக்குள் ஒரு நாள் நின்று பார்த்தோர் அறிவர்.

1960ஆம் ஆண்டின் திருப்பம்

இப்பக்கத்தின் போக்கை முற்றாக மாற்றியது 1960ஆம் ஆண்டு. அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும், உதவி நன்கொடை பெற்றுவந்த பாடசாலைகளை அரசாங்கத்தின் பொறுப்பிற் கொணர்ந்தன. யாழ்ப்பாணக் கல்லூரி, சம்பத்திரிசியார் கல்லூரி முதலிய சில தனியார் கல்லூரிகளாகவே நின்றன. ஏனையவை அரசாங்கப் பாடசாலைகளாயின. அதுவரையில் ஒரு கல்லூரியின் ஆசிரியராக இருந்தவர், அன்று முதல் நாட்டின் ஆசிரியரானார். எங்கே அனுப்பினாலும் செல்வது அவர் கடமையாயிற்று.

இம்மாற்றத்தைப் பற்றி ஆசிரியர் ஓய்வறைகளில் இன்றும் இரு கட்சிகள் உண்டு. ஒரு கட்சியார், வேரோடு பிடுங்கி நட்ட மரம் காய்க்குமா என்று கேட்பர். மற்றக் கட்சியார், நெடுந்தீவுப் பிள்ளைக்கு விஞ்ஞானப் பட்டதாரி வேண்டாமா என்று கேட்பர். இரண்டும் மெய்யான கேள்விகள். புகழ் பெற்ற கல்லூரிகள் பட்டதாரிகளைத் தம்மிடமே வைத்துக்கொண்ட காலத்தில், தீவகத்திலும் வன்னியிலும் வாகரையிலும் மலையகத் தோட்டங்களிலும் இருந்த பிள்ளைகளுக்கு எவர் கற்பித்தனர்? கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று அரசாங்கம் வகுத்த இடங்களுக்கு ஓர் ஆசிரியர் சென்று சில ஆண்டுகள் பணியாற்றுவது நீதியின் பாற்பட்டது. குறிகட்டுவானில் அதிகாலைப் படகுக்குக் காத்து நிற்கும் ஆசிரியைகளைக் கண்டோர் இதனை மறுக்கமாட்டார். கைக்குழந்தையைத் தாயாரிடம் விட்டு, கடற்காற்றிலே சேலைத் தலைப்பை இறுக்கிக்கொண்டு, முதற் பாடத்துக்கு நேரம் ஆகின்றதே என்று கலங்கி நிற்பர் அவர்கள். அவ்வாறு சென்று வந்தோரின் சேவையை எந்தச் சஞ்சிகை எழுதுகின்றது?

எமது கருத்து இது. இடமாற்றம் தீங்கன்று, இடமாற்றத்தின் பின்னர் நாம் கொண்ட மறதியே தீங்கு. எப்படியும் இரண்டொரு ஆண்டிற் போய்விடுவார் என்று எண்ணி, வந்தவரைப் பற்றி ஒன்றும் கேளாதிருக்கின்றோம். சென்றவரைப் பற்றி ஒன்றும் எழுதாதிருக்கின்றோம். குடும்பக் கடிதமாக இருந்த பக்கம் பெயர்ப் பட்டியலாகச் சுருங்கியது. ‘மாற்றலாகி வந்தோர்’ என்று ஒரு நிரல், ‘மாற்றலாகிச் சென்றோர்’ என்று ஒரு நிரல். காரியாலயத்து அறிவித்தற் பலகைக்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. வேரூன்ற நேரமில்லாத ஆசிரியருக்கே, அவர் இங்கு இருந்தார் என்று எழுதிவைக்க வேண்டிய தேவை அதிகம்.

ஒரு கல்லூரி முழுவதுமே ‘சென்ற’ கதையும் நம்மிடம் உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் பெண்களுக்கென 1913இல் இராமநாதன் கல்லூரியையும், ஆண்களுக்கெனத் திருநெல்வேலியில் 1921இல் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். அந்தப் பரமேசுவராவின் வளவிலேதான் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. முதற் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1979இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாயிற்று. முதல் துணைவேந்தர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். ஒரு பள்ளிக்கூடம் மறைந்து ஒரு பல்கலைக்கழகம் தோன்றியது. தமிழ் மக்களுக்கு அது பெரும் பேறு. ஆயினும், பரமேசுவராவின் பழைய மாணவர் ஒருவர் இன்று அவ்வளவினுள் நுழையும்போது, பட்டமளிப்பு மண்டபத்தைத் தேடமாட்டார். தம் வகுப்பறை நின்ற இடத்தையே கண்களால் தேடுவார். பரமேசுவரன் ஆலயம் மட்டும் இரு காலங்களுக்கும் சாட்சியாக அங்கே நிற்கின்றது. அத்தகைய கல்லூரிக்குப் பழைய சஞ்சிகைகளை விட வேறு வீடு ஏது?

தீயும் நீரும் கொண்டு போனவை

அச்சிட்டவை என்றும் இருக்கும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. பெரிய நூல்களின் அழிவை உலகம் பேசியது. அவற்றோடு எரிந்த சிறிய வெளியீடுகளின் கணக்கை எவர் எடுத்தார்? 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, சனங்கள் பிள்ளைகளையும் அரிசியையும் சான்றிதழ்களையுமே சுமந்தனர். கல்லூரிச் சஞ்சிகையை எவர் சுமப்பர்? 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கீழைக் கரையோரப் பாடசாலைகளின் அலுமாரிகளுள்ளும் புகுந்தது. 2009 வரை நீடித்த யுத்தத்திலே வன்னிப் பாடசாலைகளின் சேர்வு இடாப்புகளும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் பதுங்குகுழிகளிலும் வீதியோரங்களிலும் அழிந்தன.

இவ்வழிவு நினைவுகளை மட்டும் சார்ந்ததன்று. ஒருவர் தம் சேவைக் காலத்தை நிரூபிக்க முடியாது ஓய்வூதியத்துக்கு அலைகின்றார். வேறொருவர் தாம் எந்த ஆண்டு எந்த வகுப்பிற் சேர்ந்தார் என்பதற்குச் சான்று தேடுகின்றார். சஞ்சிகைக் குறிப்பை அரசாங்கக் காரியாலயம் நேர்ச் சான்றாக ஏற்குமென்று சொல்வதற்கில்லை. ஆயினும், எந்த ஆண்டின் கோப்பைத் தேட வேண்டும், உடன் பணிபுரிந்த எவரிடம் வாக்குமூலம் பெற வேண்டும் என்று அது வழி காட்டும்.

மீட்கும் வழியும் பிறந்துள்ளது. 2005ஆம் ஆண்டில் ஆர்வலர்களால் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களோடு பாடசாலை மலர்களையும் சஞ்சிகைகளையும் நிழற்பிரதி எடுத்து இணையத்தில் எவரும் வாசிக்க வைத்துள்ளது. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும் ஒரு மலர், வேறெங்கும் இல்லாத பிரதியாக இருத்தல் கூடும்.

எழுதும் முறை

எமது கல்லூரியிலே சஞ்சிகைக் குழுவைச் சேர்ந்த உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர், ஆசிரியர் குறிப்புகளை எழுதிக்கொண்டு எம்மிடம் வந்தார். இளைப்பாறிய மூவரைப் பற்றியும் அவர் எழுதியிருந்தவை ஒரே வாக்கியங்கள். மூவரும் ‘பண்பின் சிகரம்’, மூவரும் ‘கடமை வீரர்’, மூவரது பிரிவும் ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’. பெயர்களை மாற்றிப் போட்டாலும் ஒருவருக்கும் தெரியாது. “தம்பி, இவர்களிடம் நேரே போய் மூன்று கேள்விகள் கேட்டு வாரும். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை இங்கே இருந்தீர்கள்? என்ன வேலை செய்தீர்கள்? நீங்கள் போன பிறகும் இங்கே இருக்கப்போவது என்ன?” என்று சொல்லி அனுப்பினோம்.

மூவருள் ஒருவர் ஆய்வுகூடப் பணியாளர். மாணவர் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. “சேர், பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே ஒரு பழைய தராசு இருக்குதல்லோ? தொண்ணூற்றைந்தில் இடம்பெயரேக்கை அவர்தான் அதைச் சாக்கிலே சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனவராம். அடுத்த வருடம் திரும்பி வந்து, இருந்த இடத்திலேயே வைச்சவராம். ஒருவரும் கேட்கேல்லை, அதனால் தான் சொல்லேல்லை எண்டு சொன்னார்” என்றார்.

அந்தத் தராசிலே ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகள் நிறுக்கப் பழகினர். அதனைக் காத்தவர் எவர் என்று ஒருவரும் அறிந்திலர். சஞ்சிகையில் அவர் பெயர், தந்தை பெயர், ஊர், சேவைக் காலம், தராசின் கதை யாவும் எட்டு வரிகளில் வெளிவந்தன. புகழுரை ஒன்றேனும் அதில் இல்லை, வேண்டியும் இருக்கவில்லை.

ஆகவே, இப்பக்கத்தை எழுதும் மாணவர்க்கு நாம் சொல்லக்கூடியவை சிலவே. பெயரை முழுமையாக எழுதுங்கள். முதலெழுத்துகளை மட்டும் எழுதினால் 50 ஆண்டின் பின் ஒருவருக்கும் விளங்காது. திகதியை எழுதுங்கள், ‘அண்மையில்’ என்னும் சொல் அடுத்த ஆண்டே பொருளிழந்துவிடும். எங்கிருந்து வந்தார், எங்கே செல்கின்றார் என்பதை எழுதுங்கள்; தீவகத்தில் ஆற்றிய சேவையாயின் அதனைப் பெருமையோடு எழுதுங்கள். புகழ்மொழியைக் குறைத்து, செய்த காரியம் ஒன்றைச் சொல்லுங்கள். நாடகம் பழக்கினாரா, மரம் நட்டாரா, தோற்ற மாணவனுக்கு வீட்டில் வைத்துப் பாடம் சொன்னாரா? ஆசிரியரல்லாத ஊழியரையும் அதே நிரலில், அதே எழுத்தளவில் சேருங்கள். கட்டடச் செய்தி எழுதும்போது, பழைய கட்டடம் எங்கே இருந்தது, எப்பொழுது இடிக்கப்பட்டது என்பதையும் ஒரு வரியிற் குறியுங்கள்.

பெற்றோர்க்கும் பழைய மாணவர்க்கும் வேறொரு வேண்டுகோள். அடுத்த விடுமுறை நாளில் வீட்டுப் பெட்டியை ஒரு தடவை கிளறிப் பாருங்கள். பழைய சஞ்சிகை, பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல், பிரியாவிடைப் படம், தேர்ச்சி அறிக்கை எதுவாயினும் ஒதுக்கி வையுங்கள். குழுப் படமாயின், பாட்டனாரோ பாட்டியாரோ உடனிருக்கும்போதே நிற்போரின் பெயர்களைக் கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை படத்திலே ஊறிக் கெடுத்துவிடும். பெயர் தெரிந்தவர் போன பின் அப்படம் வெறும் தாளே. அதன் பின் ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கும், ஒரு பிரதியை எண்ணிம நூலகத்துக்கும் கிடைக்கச் செய்யுங்கள். ஒரே இடத்தில் வைத்ததன் பயனை 1981இல் நாம் கண்டுவிட்டோம்.

அதிபர்மாருக்கும் ஒரு சொல். பிரியாவிடை நாளில் மாலையும் பொன்னாடையும் நினைவுச் சின்னமும் வழங்குகின்றோம். நன்று. அதே மேசையில் ஒரு கொப்பியையும் வைத்து, செல்பவர் தம் கையால் ஒரு பக்கம் எழுதிச் செல்லும் வழக்கத்தை ஏற்படுத்தினால் என்ன? அதற்குப் பணச் செலவு இல்லை. திணைக்களத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. பத்து ஆண்டில் அக்கொப்பி அக்கல்லூரியின் மிக விலைமதிப்புள்ள நூலாகிவிடும். புதிதாக வரும் ஆசிரியருக்கு, அவர் பணியேற்கும் முதல் நாளில், அதனையே வாசிக்கக் கொடுங்கள். தமக்கு முன் அந்தக் கரும்பலகையின் முன்னே நின்றோர் எவர் என்று அறிந்துகொண்டு அவர் வகுப்பினுட் செல்லட்டும்.